அரைப் பேர்

பங்குனி பாதியாகிவிட்டது.
வெலிமடைப் பக்கத்துக் காற்று
பகலில் சுடுகிறது, இரவில் கடிக்கிறது.
மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்தென்று கிள்ளினால்
விரலில் சருகு நொறுங்குகிறது.
நேற்று எனக்கு ஒன்பது கிலோ.
கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்காமலே எழுதினார்:
அரைப் பேர்.

எதிர்மலையில் மானாப்புல் எரிந்த கறுப்பு.
யார் வைத்தார்களோ,
மூன்று இரவு சிவப்புக் கயிறு மாதிரி ஊர்ந்து
கல்லுடைக்கும் குழியண்டை தானே அணைந்தது.
இன்று காலை அந்தக் கறுப்பின் மேல்
பச்சை.
மழை இல்லை, விடியற்காலைப் பனி மட்டுந்தான்.
எதைக் குடித்து எழுந்தது என்று பாக்கியம் கேட்டாள்.
நான் என்ன தோட்டத் தொரையா,
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்க?

கீழே, கிராமத்தில், திலகசிறி
உருளைக்கிழங்குக்கு மோட்டார் வைத்து
ஆற்றின் கடைசி மடக்கையும் இழுக்கிறான்.
திட்ட வாய் வருகிறது.
போன மாதம் ஒரு மூட்டை கோவா
காசு வாங்காமல் கொடுத்ததும் அவன்தான்.
திட்டு பாதியில் நிற்கிறது.

பீலியில் தண்ணீர்
ஊசியில் கோக்கலாம் போல வருகிறது.
ஒரு கேன் நிறைய இருபது நிமிஷம்.
வரிசையில் நிற்பவை கேன்கள்.
நாங்கள் லயத்துக்குப் போய்
ரொட்டி தட்டிப் போட்டுவிட்டு வருகிறோம்.
நீல மூடி ஜெசிந்தாவுடையது.
காது உடைந்தது மருதாயியுடையது.
மூடிக்குப் பதில் சோளப்பொத்தி அடைத்தது
என்னுடையது.

பிறகு தேனீக்கள் வந்தன.
முதல் நாள் ஏழெட்டு.
மறுநாள் பீலியின் வாயே தெரியவில்லை.
ஈரக் கல்லில் ஒட்டிக்கொண்டு
வயிறு துடிக்கத் துடிக்கக் குடித்தன.
நெல்சனின் சின்னது கை நீட்டி
புறங்கை வீங்கி அழுதது.
"புகை போடுவம்" என்றான் நெல்சன்.
"மண்ணெண்ணெய்" என்றது இன்னொரு குரல்.
"அதுகளும் வரிசையில வரட்டுமே" என்று யாரோ சொல்ல
சிரிப்பு வந்தது,
கோபமும் போகவில்லை.

எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றிவிடவில்லை.
இடுப்பில் சாக்குப் படங்கு கசகசத்தது.
அவிழ்த்தேன்.
கல்லில் வழிந்ததில் நனைத்து
நாலு எட்டுத் தள்ளி
பாறைமேல் விரித்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
ஜெசிந்தா உதட்டைப் பிதுக்கினாள்.
பிறகு ஒன்று.
பிறகு நாலு.
பிறகு என் படங்கு
மாட்டுத் தோல் போலச் சிலிர்த்து அசைந்தது.
பீலியின் வாய் தெரிந்தது.
காதுடைந்த கேனை மருதாயி உள்ளே தள்ளினாள்.

இப்போது கேன் நிறைந்தால்
ஆளுக்கொரு கை அள்ளிச் சாக்கில் தெளிக்கிறோம்.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
நெல்சன் மட்டும் தெளிப்பதில்லை.
அவன் பங்கையும் சேர்த்து
அவன் பெண்டாட்டி தெளிக்கிறாள்.

குடித்துவிட்டு எங்கே போகின்றன என்று பார்த்தேன்.
கோயில் வளைவில் முள்முருக்கு.
ஓர் இலை இல்லை, உடம்பெல்லாம் முள்.
கிளைக்குக் கிளை சேவல்கொண்டைச் சிவப்பு.
மைனாவும் அணிலும் கிளியும்
ஞாயிற்றுச் சந்தை மாதிரி சண்டை.
எங்கோ ஒரு குக்குறுவான்
நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.
ஒரு சொட்டு மழை வாங்காமல்
இந்த மலையில் அதற்கு மட்டும்
முழுப் பேர்.

மேட்டில் ஏறி நின்றால் சிக்னல் வரும்.
புறக்கோட்டைக் கடையிலிருந்து யோகன்
"அங்க மழையாம்மா?" என்றான்.
"இல்லடா" என்று போனைத் திருப்பி
மரத்தைக் காட்டினேன்.
"கலங்கலாத் தெரியுது. என்னம்மா, தீயா?"
சொல்வதற்குள் லைன் அறுந்தது.

படங்கு இன்னும் பாறைமேல்தான்.
நாளை மலைக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது?
பழைய சாரி ஒன்று கிடக்கிறது.
கிழித்தால்
இரண்டு பேருக்கு ஆகும்.